ஹைதராபாத்தில் மணி அடித்தபோது

1989, தை மாதம், செவ்வாய். ராஜபாளையம்.

வீடு வந்த பிறகும் மனம் ஹைதராபாத் அருங்காட்சியகத்திலேயே நிற்கிறது. நீல ஓடுகளும், பொன் மையில் எழுதிய குர்ஆன் ஏடுகளும் தண்ணீருக்கடியில் தெரிவதுபோல் கண்ணுக்குள் மிதக்கின்றன.

பழைய கடிகாரங்கள் இருந்த கூடத்தில் உச்சிவேளைக்கு எல்லாக் கடிகாரங்களும் சேர்ந்து மணியடித்தன. கூட்டமே சொக்கி நின்றது. என் கணவர் மட்டும் ஒரு பச்சைக்கல் கிண்ணத்தைப் பார்த்தபடி திரும்பாமல் நின்றார். தோளைத் தொட்டேன்.

"மணி அடிச்சுதே, கேக்கலையா?"

"எப்போ?" என்று சிரித்தவர், என் முகத்தைக் கண்டு சிரிப்பை நிறுத்தினார்.

"மில்லுல இருபது வருசம் மிஷின் சத்தம்லா? ரெண்டு வருசமா உன் வாயசைவ வச்சுத்தான் புரிஞ்சுக்கிடுதேன். யார்ட்டயும் சொல்லிராத, வேலை போயிரும்."

இரண்டு வருடமாக அடுப்பைப் பார்த்தபடி நான் அவரிடம் பேசியதெல்லாம் எங்கே போயிற்று?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காது டாக்டர் இருக்கிறாராம். வேலை போய்விட்டால்... அதை நாளைக்கு யோசிக்கலாம்.

இன்று சாப்பிடக் கூப்பிட, அடுப்படியிலிருந்து எழுந்து வந்து அவர் எதிரே உட்கார்ந்தேன். என்ன வேண்டும் என்று மெதுவாகக் கேட்டேன். அவர் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் இப்படிப் பார்த்ததுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னொரு முறையும் கேட்டேன்.