மூன்றாம் பீப்பாயில் துரு

நவம்பர் 4, 1958. செவ்வாய்.

காலையிலிருந்து தூறல். கம்பெனி போய்ச் சேர்வதற்குள் மப்ளர் பிழியும்படி ஆகிவிட்டது. சைக்கிள் செயின் இரண்டு தடவை கழன்றது. எண்ணெய் விட வேண்டும். இதையே போன வாரமும் எழுதினேன்.

ராவ் சார் கூப்பிட்டனுப்பினார். பீர் காய்ச்சும் பகுதிக்குப் புதிதாக வந்த தலைமை அதிகாரி. மைசூர்க்காரர், மரியாதையான மனிதர். நிலவறையில் மூன்று மரப் பீப்பாய்களில் இரண்டு வருஷமாக ஸ்டவுட் கிடக்கிறது. கன்னங்கறுப்புப் பீர். சாதாரண பீர் இரண்டு குடித்தாலும் வராத காட்டம் இதில் ஒரு டம்ளரில் வரும். கிறிஸ்துமஸுக்குப் புட்டியில் அடைப்பதா, சாக்கடையில் கொட்டுவதா என்று ருசி பார்த்துச் சொல்ல வேண்டுமாம். 13-ஆம் தேதி.

"லாசர், நிம்ம நாலிகேயைத்தான் நம்பியிருக்கேன்" என்று தன் நாக்கைத் தொட்டுக் காட்டினார்.

என் நாக்கு! மே மாதத்திலிருந்து அதில் பீர் ஒரு சொட்டுப் படவில்லை. அது அவருக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரி புஷ்பம் ஆஸ்பத்திரியில் ரத்தம் ரத்தமாகத் துப்பிக்கொண்டிருந்தபோது மாதா கோயிலில் முழங்காலில் நின்று நேர்ந்துகொண்டேன். இவள் பிழைத்து வீட்டுக்கு வந்தால் இனி என் நாக்கில் பீர் படாது. ஊரில் மற்றவன் மொட்டை அடிக்கிறான், மெழுகுவத்தி வைக்கிறான். எனக்கு அது போதும் என்று தோன்றவில்லை. பிரியமானதைக் கொடுத்தால்தான் கொடுத்தது. பு. பிழைத்தாள், வீட்டுக்கு வந்தாள். நானோ பீர் கம்பெனியில் ருசி பார்க்கிறவன். என்னைப் போல முட்டாள் இந்தக் கண்டோன்மென்ட்டில் உண்டா!

தினசரி பீரை மூக்காலேயே சமாளிக்கிறேன். சந்தேகம் வந்தால் நிலவறை முனிசாமி ஒரு வாய் குடித்துவிட்டுக் காதில் சொல்கிறான். பழைய ஸ்டவுட் அப்படி இல்லை. மூக்குக்கு ஒன்று காட்டும், நாக்குக்கு வேறொன்று வைத்திருக்கும்.

சாயங்காலம் வழக்கம்போல பு.வுக்கு அரை டம்ளர் ஸ்டவுட், உடம்பு தேற டாக்டர் எழுதிக் கொடுத்தது. ஊற்றித் தருபவன் நான். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

"கஷாயமே தேவலைங்க. இதைப் போயி காசு குடுத்துக் குடிக்கறாங்களே!"

நவம்பர் 6. வியாழன்.

வெயில். துணி காய்ந்தது.

ஃபாதரைப் பார்த்தேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

"அது உன் பிழைப்பு, லாசர். வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பிடு. இல்லன்னா சொல்லு, நேர்ச்சையை மாத்தி வேற ஒண்ணு வச்சுக்கலாம். அதுக்கு வழி இருக்கு."

இருக்கலாம். ஆனால் நான் மாதாவிடம் சொன்னது "முழுங்க மாட்டேன்" என்று அல்ல. "நாக்கில் படாது" என்றேன். ஃபாதர் மன்னிப்பார், மாதாவும் மன்னிப்பாள். எனக்குத்தான் பயம். நான் ஒரு சொட்டு வைத்து, மறுநாள் இவள் இருமினால்? அப்புறம் என்னை நான் எப்படிப் பார்ப்பது?

வாங்க: மண்ணெண்ணெய். சைக்கிள் எண்ணெய் (!). முட்டை. பு.வுக்கு சாம்பல் நிறக் கம்பளி நூல்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது பு.விடம் மூன்று பீப்பாய் விவகாரத்தையும் நேர்ச்சையையும் சொல்லிவிட்டேன். இத்தனை நாள் மறைத்தது. வாயில் சோற்றோடு அப்படியே பார்த்தாள்.

"என் பேர்ல நேர்ந்துக்கிட்டு, அதையே எனக்கு ஊத்திக் குடுக்கறீங்களா? மாதாவுக்கே சிரிப்பு வந்திருக்கும்." அப்புறம் கண் கலங்கிவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். தட்டை ஒதுக்கிவிட்டு, "அந்த மூணையும் வீட்டுக்குக் கொண்டாங்க. எனக்குத்தான் டாக்டர் குடிக்கச் சொல்லியிருக்காரே. நான் குடிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்றேன்."

நவம்பர் 8. சனி.

குளிர். முனிசாமி ஒன்றாம் பீப்பாயிலிருந்து மருந்துப் புட்டியில் பிடித்துக் கொடுத்தான். "அண்ணிக்கு டாக்டர் எளுதினதுன்னா எதுக்குத் திருடன் மாதிரி சட்டைக்குள்ள மறைக்கறே?" என்றான்.

பு. இன்றைக்கு மூக்கைப் பிடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்திருந்தாள்.

"வெல்லப் பாகு. அடுப்புல வச்சுட்டு மறந்துபோயி, அடி பிடிக்கறதுக்கு ஒரு நிமிஷம் முன்னால எறக்கினது."

அப்புறம்?

"அப்புறம் தொண்டையில சுட்ட பலாக்கொட்டை. அதோட தோல் இருக்கு பாருங்க, அது."

நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் நானும் "கசப்பு சரி, இனிப்பு சரி" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பலாக்கொட்டைத் தோலாம்! புட்டியை முகர்ந்தேன். ஆமாம், அதேதான். இருவரும் சிரித்தோம். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

நவம்பர் 10. திங்கள்.

தீபாவளி. தெரு முழுக்கப் புகை. எதிர் வீட்டுக் கமலம்மா சிரோட்டிப் பலகாரம் கொடுத்தனுப்பினாள். பு. இருமிக்கொண்டே இருந்தாள். பட்டாசுப் புகை என்றாள். ஜன்னலைச் சாத்தினேன்.

இரண்டாம் பீப்பாய்: "பழம்புளி. உப்புப் போட்டு ஜாடியில அமுக்கி வச்சது. கெட்டுப்போகலைங்க, வயசாயிடுச்சு, அவ்ளோதான். உங்களை மாதிரி."

வயசாம். எனக்கு நாற்பத்து மூன்றுதான் ஆகிறது.

பழைய அரக்குச் சேலையைக் கிழித்துக் கைக்குட்டைகள் தைத்துக்கொண்டிருக்கிறாள். வெள்ளை சீக்கிரம் அழுக்காகிறதாம். எனக்குப் பின்னும் புது மப்ளர்தான் பாதியிலேயே நிற்கிறது.

நவம்பர் 12. புதன்.

மூட்டம். காலையில் பு. காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டாள். "பாத்திரத்துல ஈயம் போயிடுச்சு போல. ஒரு மாதிரி அடிக்குது." எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் தெருவில் போன ஈயம் பூசுகிறவரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் மூன்றாம் பீப்பாய். இதன் மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். புட்டியைத் திறந்ததுமே உலர்ந்த திராட்சை மணம், நல்ல கறுப்பு, மேலே காபி நிறத்தில் நுரை. பு. ஒரு வாய் வைத்தாள். முகம் சுளித்தது.

"துரு."

என்ன துரு?

"இரும்புங்க. பழைய ஆணியை எடுத்து வாயில போட்டுக்கிட்ட மாதிரி." டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டாள்.

புட்டியைத் திரும்பத் திரும்ப முகர்ந்தேன். மூக்குக்கு எட்டவில்லை. ஆனால் பீப்பாய்க்குள் ஏதாவது ஆணி முனை நீட்டிக்கொண்டிருந்தால் அப்படி ஆகும். ஒரு தடவை ஆகியிருக்கிறது. முதல் இரண்டையும் இவள் எவ்வளவு சரியாகச் சொன்னாள்! மீதியைக் கார்க் போட்டு அலமாரியில் வைத்தேன். நல்ல சரக்கு, வீணாகப் போயிற்று.

நவம்பர் 13. வியாழன்.

காலையில் காபி இல்லை, வெற்றிலை இல்லை, வெங்காயம் இல்லை. ருசி பார்க்கும் நாளில் அப்படித்தான். பதினோரு மணிக்கு நிலவறை. ராவ் சார், நான், முனிசாமி. எல்லோரும் டம்ளரைக் கீழே வைக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அதுவும் பழைய வழக்கம்.

உதட்டை இறுக்கிக்கொண்டு டம்ளரைச் சாய்த்தேன். கைக்குட்டையால் வாயைத் துடைத்தேன். யாரும் கவனிக்கவில்லை.

ஒன்று: வெல்லப் பாகு, பலாக்கொட்டை என்றேன். ராவ் சார் மறுபடி ஒரு வாய் குடித்துவிட்டு, "ஹௌது! ஹௌது!" என்று தலையை ஆட்டினார். ஆமாம் ஆமாம் என்று சிரிக்கிறார். இரண்டு: பழம்புளி. அதற்கும் தலையாட்டினார். எனக்குள் பெருமை. யாருடைய நாக்குக்கு யார் பெருமைப்படுவது!

மூன்று. "இரும்பு ஏறிடுச்சு சார். துரு. கொட்டிடலாம்" என்றேன்.

ராவ் சார் இன்னொரு தடவை குடித்தார். முனிசாமி என்னைப் பார்த்தான்.

"துருவா? எல்லி, லாசர்? எங்கே இருக்கு?"

"அண்ணே, துருவும் இல்ல ஒண்ணும் இல்ல. தேன் மாதிரி கீதுண்ணே" என்றான் முனிசாமி.

நான் விடவில்லை. அடித்துச் சொன்னேன். ராவ் சார் கோபித்துக்கொள்ளவில்லை, சோதனைக்கு எடுத்துக்கொண்டு போனார். நாலு மணிக்கு அவரே வந்தார். இரும்பு இல்லை. மூன்றிலும் அதுதான் முதல்தரம். என் தோளில் கை வைத்தார்.

"ஜ்வர கிர இருக்கா, லாசர்? உடம்பு சரியில்லேன்னா வாய் அப்படித்தான் இரும்பு அடிக்கும். பீர் மேல தப்பில்லை. போய் டாக்டரைப் பாருங்க."

சரி சார் என்றேன். கேட்டைத் தாண்டிய பிறகுதான் அவர் சொன்னது உறைத்தது. யாருடைய வாய்?

சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 14. வெள்ளி.

மழை. வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினேன். முனிசாமி நம்பியிருப்பான்.

பு.விடம் கேட்டேன். "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன். உங்களுக்குத்தான் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். ரசம் வைத்தாள். இருமல் வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுகிறாள். கொடியில் அரக்குக் கைக்குட்டைகள் வரிசையாக. மழையில் எதற்குத் துவைக்க வேண்டும்?

மருந்துப் புட்டி. அதன் தப்பாக இருக்கலாம். முன்னால் அதில் என்ன மருந்து இருந்ததோ. முனிசாமி சரியாகக் கழுவினானோ இல்லையோ. பீப்பாய் நன்றாக இருந்தால் புட்டியும் நன்றாக இருக்க வேண்டும் என்று சட்டமா? இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் ஈயம் பூசுகிறவர் பாத்திரத்தைக் கொண்டுவந்தார். "ஈயம் நல்லாத்தான் இருக்கு சாமி. சும்மா எதுக்குக் குடுத்தீங்க?"

நவம்பர் 15. சனி.

வெயில் அடிக்கிறது. வெறும் வெயில், சூடே இல்லை.

பு. காலைப் பலகாரத்துக்குப் பிறகு படுத்துவிட்டாள். அவள் பகலில் படுக்கிறவள் இல்லை. அலமாரியிலிருந்து புட்டியை எடுத்தேன். அவள் குடித்த அதே புட்டி. இரண்டு விரல் அளவு மீதி. டம்ளரில் ஊற்றினேன். நுரை இல்லை, செத்துவிட்டது. துரு இருந்தால் அது எங்கேயும் போகாது.

முகர்ந்தேன். திராட்சை. மூக்கு இதற்குமேல் சொல்லாது.

மாதா படத்துக்கு முன்னால் நின்றேன். மாதாவே, இதில் துரு இருக்கட்டும். புட்டி கெட்டிருக்கட்டும். பீப்பாயும் கெட்டிருக்கட்டும், ராவ் சார் சொன்னது பொய்யாகப் போகட்டும், என் வேலை போகட்டும். பீர் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். உனக்குக் கொடுத்த வாக்கை மீறப்போகிறேன். தண்டனை எனக்குக் கொடு, அவளுக்கு வேண்டாம்.

குடித்தேன்.

உலர்ந்த திராட்சை. சுட்ட வெல்லம். கடைசியில் காபிக்கொட்டை, மெல்ல மெல்லக் கசந்து, திரும்ப இனிப்பாகி, நின்றுகொண்டே இருக்கிறது. இந்தக் கம்பெனியில் இவ்வளவு நல்ல ஸ்டவுட்டை நான் குடித்ததில்லை.

துரு இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை.

திரும்பினால் வாசற்படியில் பு. போர்வையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறாள். என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள்.

"துரு இருந்துச்சா?"

"இல்ல."

அப்படியே பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தீபாவளிக்கு முன்னாலேர்ந்தே ரத்தம் வருதுங்க. சொன்னா, நீங்க வாயைக் கட்டினது வீணாப் போச்சேன்னு உடைஞ்சு போயிடுவீங்க. அதான் சொல்லல."

பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். இவள் அழவில்லை. முதுகைத் தடவிக் கொடுத்தாள். உடம்பு கொதிக்கிறது. கமலம்மா பையனை ஜட்கா கூட்டிவர அனுப்பினேன். ஆஸ்பத்திரிக்கு இரண்டு சேலை, பாதி பின்னிய மப்ளர், டம்ளர், ஜெபமாலை. எல்லாவற்றையும் அவளே எடுத்து வைத்தாள்.

"வாயைக் கொப்புளிச்சுட்டு வாங்க. வழியில கோயில் இருக்குல்ல, மாதா கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

கொப்புளித்தேன். மூன்று தடவை. ருசி இன்னும் போகவில்லை. ஜட்கா வந்துவிட்டது.