வாய்க்கால் கரையில் இரண்டு பேர்

ஜூன் 24, திங்கள்
விடியும் முன்பே மொட்டைமாடிக்கு வந்துவிட்டேன். மேற்கே மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம், ஏலத்தோட்டத் தொழிலாளர் லயத்தில், அம்மா இந்நேரம் அடுப்பு மூட்டியிருப்பாள். அங்கே ஒரே அறையில் ஐந்து பேராகப் படுத்து வளர்ந்தேன். உத்தமபாளையத்தில் இந்த மாடி அறைக்கு வந்து இரண்டு வருஷமாகியும், சில காலைகளில் கண் திறக்காமலே கையை நீட்டிப் பார்க்கிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. எவ்வளவு நிம்மதி!

ஜூன் 26, புதன்
காலேஜில் கடைசி வருஷ ப்ராஜெக்ட்: வாய்க்கால் கரைச் செடிகள். நான் ஆசைப்பட்ட தலைப்பு. ஆனால் இரண்டு பேராகச் செய்ய வேண்டுமாம். ஓடைப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஹேமாவதியை என்னோடு சேர்த்துவிட்டார்கள். அவளுக்கு வாய் ஓயாது.

ஜூலை 1, திங்கள்
வாய்க்காலில் புதுத்தண்ணீர். வயல்களில் நடவு நடக்கிறது. ஹேமா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி, வேர் அறாமல் பொன்னாங்கண்ணியைப் பிடுங்கித் தந்தாள். "ஏ மேரி, பேச்சையெல்லாம் யாருக்குடி சேத்து வைக்கிற?" சிரித்துவிட்டேன்.

ஜூலை 4, வியாழன்
பஸ் ஸ்டாண்டில் ஹேமா கேட்டாள். "ஒன் ரூம்ல நானும் இருந்துக்கிறட்டுமா? ஒரு மூலை போதும்."
"எனக்குத் தனியா இருந்தாத்தான் படிப்பு ஓடும்."
"சரி, விடு."
பஸ் வந்ததும் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள். நான் செய்தது தப்பா? இருப்பது ஒரு அறை. அதையும் கொடுத்துவிட்டால் எனக்கென்று என்ன மிச்சம்?

ஜூலை 8, திங்கள்
ஹேமா வரவில்லை.

ஜூலை 12, வெள்ளி
ஐந்து நாளாகத் தனியாகத்தான் போகிறேன். சாரல் விழுகிறதா, காற்றுதான் ஈரமாக இருக்கிறதா, தெரியவில்லை. நடக்க நடக்க என் உடம்பே கரைந்து, பார்க்கிற கண் மட்டும் மிஞ்சியதுபோல் இருந்தது. பதினோரு செடிகள் சேகரித்தேன். இன்று முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது படுக்கும்போதுதான் உறைத்தது.

ஜூலை 13, சனி
மதகருகே, கல்லிடுக்கில், கடுகளவு நீலப்பூ. "ஏ, இங்கன பாரு!" சத்தமாகவே சொல்லிவிட்டேன். திரும்பினால் யாருமில்லை. ஹேமாவுக்கு போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப்.

ஜூலை 14, ஞாயிறு
ஓடைப்பட்டிக்குப் போனேன். திராட்சைப் பந்தலுக்கடியில் ஹேமா கொடி கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அப்பா ராக்கையாதான் பேசினார்.
"பஸ் வந்து சேர ஏழரை ஆகுது தாயி. ஒத்தையில வர்ற புள்ளைய ஊருல ஒரு மாதிரியாப் பேசுறாக. படிச்சது போதும்னு நிறுத்திட்டேன்."
ஹேமாவிடம் திரும்பினேன். "ரூம் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல?"
"தனியா இருக்கணும்னு சொல்லிட்ட. அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?"
ராக்கையாவிடம் சொன்னேன். "இவ என் ரூம்ல இருக்கட்டும்ப்பா. பஸ்ஸே வேணாம்."
"ஒத்தையில இருக்க ஒனக்குப் பயமில்லையா?"
"இல்லப்பா. பிடிச்சுத்தான் இருக்கேன்."
"பெறகு இவ எதுக்கு?"
அந்த நீலப்பூ நினைவுக்கு வந்தது. "நல்லதா ஒண்ணப் பார்த்தா, காட்ட ஆள் இல்லப்பா."
அவர் ஒரு குலையை வெட்டி என் கையில் கொடுத்தார். அவ்வளவுதான்.

ஜூலை 17, புதன்
செய்தி இல்லை.

ஜூலை 21, ஞாயிறு
மத்தியானம் வாசலில் வண்டிச் சத்தம். ஹேமா, ஒரு பை, ஒரு பாய். ராக்கையா கதவுத் தாழ்ப்பாளை இரண்டு முறை போட்டுப் பார்த்தார். ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார். "சனிக்கிழமையானா வீட்டுக்கு வந்துறணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் தெரு திரும்பும்வரை ஹேமா ஜன்னலிலேயே நின்றாள்.

ஜூலை 25, வியாழன்
படிக்கும்போதுகூடப் பாட்டு முனகுகிறாள். கத்திவிட்டேன். "ஒரு மணி நேரம் வாய மூட முடியாதா ஒனக்கு?"
அவள் கோபப்படவில்லை. "எந்த ஒரு மணி நேரம்னு சொல்லு."
விடிகாலை மொட்டைமாடி என்னுடையது என்று முடிவாயிற்று.

ஆகஸ்ட் 5, திங்கள்
மழை பெய்து ஓய்ந்த காலை. மலை துலக்கமாக, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. பாதிப் படியில் ஹேமாவின் குரல்: "ஏ புள்ள, நான் வரலாமா? பேச மாட்டேன்."
வரச் சொன்னேன். சுவரோரம் உட்கார்ந்தாள். சொன்னபடியே வாய் திறக்கவில்லை. வெயில் மலை உச்சியிலிருந்து மெல்ல இறங்கி வந்தது.
முதலில் பேசியது நான்தான்.