ஜிம்மி யாருடைய நாய்?

2018 பெப்ரவரி 3

ஜிம்மிக்குப் புற்றுநோயாம். மூத்திரம் போகிற இடத்தில் இரத்தம் கசிந்ததைக் கடிகாயம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நாய்க்கு நாய் தொற்றுகிற வகை, பெரும்பாலும் சுகமாகிவிடும் என்றார் புத்தளத்து மிருக வைத்தியர். கிழமைக்கு ஒரு ஊசி. "ஆனா சாப்பிடவேணும். மெலிஞ்சா ஊசி போடேலாது."

முன்னங்காலை நான்தான் அமுக்கிப் பிடித்தேன். மருந்து ஏறி முடியும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், குத்தியதே நான்தான் என்பதுபோல.

பெப்ரவரி 6

ஈரல் அவித்து வைத்தேன். மணந்துவிட்டு முகத்தைத் திருப்பினான். மருந்து நஞ்சு என்பதால் அவனுடைய மூத்திரத்தைக் கையுறை போட்டுத்தான் கழுவவேண்டுமாம். கழுவுகிறேன்.

கட்டாரிலிருந்து பீற்றர் போன் எடுத்தார். முதல் கேள்வியே, "ஜிம்மி எப்பிடி?" பெண்சாதி எப்படி என்ற கேள்வி கடைசிவரை வரவில்லை.

பெப்ரவரி 8

இன்றைக்குப் பிடித்தேன் கள்ளனை! பக்கத்து வீட்டு அபூசாலி நானா கருவாடு காயப்போடும் பரணுக்குக் கீழே, ஒரு சிரட்டையில் அவித்த மீன்தலை. ஜிம்மி தின்கிறான். நானா தள்ளிக் குந்தியிருந்து, "தின்னுங்க மாப்புள, வெக்கப்படாமத் தின்னுங்க" என்கிறார். மாப்புளயாம்! அந்தப் பெயருக்கு வாலையும் ஆட்டுகிறான்.

நானா அவனை ஒருநாளும் தொட்டதில்லை. நாயின் ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து என்று அவருடைய மனைவி ஸுல்பிகா எனக்கு முன்பே சொல்லியிருக்கிறா. தொடாத மனிதரிடம் விருந்துச் சாப்பாடு. மூத்திரம் கழுவுகிற எனக்கு முதுகு.

பெப்ரவரி 10

இரண்டாவது ஊசி. வீட்டு வாசலில் ஆட்டோ நின்றதும் குதித்து நேரே அவர் வளவுக்குள் ஓடிவிட்டான். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பெப்ரவரி 11

சங்கிலியால் கட்டிவிட்டேன். என்ர நாய். என்ர வீட்டில சாப்பிடட்டும்.

நானா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "ஏன் தங்கச்சி கட்டிப் போட்டீங்க?"

"டொக்டர் சொன்னவர்," என்றேன். டொக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

பெப்ரவரி 13

தண்ணீர் மட்டும்.

பெப்ரவரி 14

விபூதிப் புதன். பாவசங்கீர்த்தனத்தில் பொறாமை என்றேன். யார்மேல் என்று பாதர் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர்மேல் என்றேன். "காணிப் பிரச்சினையோ?" நாய்ப் பிரச்சினை என்று சொல்ல வாய் வரவில்லை. ஓம் என்றுவிட்டேன். இப்போது பொய்யும் சேர்ந்துவிட்டது.

பெப்ரவரி 17

ஊசி போடவில்லை. தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு, இந்த உடம்பு தாங்காது என்றார் டொக்டர். கட்டியும் திரும்பக் கசிகிறது. "என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?" எல்லாம் குடுக்கிறன் எண்டன். எல்லாம் குடுத்தன்தான், அவன் கேட்ட ஒண்டைத் தவிர. நான் என்ன மனுசி? ஒரு சிரட்டை மீன்தலைக்காக இவனைச் சாகவிடப் பாத்தனோ?

வந்ததும் சங்கிலியைக் கழற்றினேன். அவனால் எழும்ப முடியவில்லை. வேலியடியில் போய் நின்றேன்.

"நானா, நீங்க ஏதும் வையுங்கோ. என்னட்டச் சாப்பிடுறான் இல்லை."

அவர் சிரட்டையோடு வந்தார். "என்ன மாப்புள, கோவமா?" மெல்ல மெல்ல எல்லாத் தலையையும் தின்று முடித்தான். நான் குசினிக்குள் போய் அழுதேன். சந்தோஷமா, எரிச்சலா? இரண்டும்தான்.

பெப்ரவரி 24

நிறை ஏறியிருக்கிறது. ஊசி போட்டாயிற்று.

மார்ச் 3

ஆட்டோ வந்து நிற்கிறது, ஜிம்மி பரணுக்குக் கீழே ஒளித்துக்கொண்டான். கையை நீட்டினேன். உறுமினான். என்னைப் பார்த்து!

நானா பரணடிக்கு வந்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டி, குனிந்து, அவனை அப்படியே அள்ளித் தூக்கினார். எங்கள் கண்டக்குழியிலிருந்து புத்தளம் வரைக்கும் அவர் மடியில்தான் இருந்தான். திரும்பும் வழியில் சாரம் முழுக்கச் சத்தி எடுத்தான். "பரவால்ல மாப்புள, வரட்டும், வரட்டும்."

நேரே என் கிணற்றடிக்குத்தான் வந்தார். "ஸுல்பிகா கண்டா ஏசுவா. தண்ணி ஊத்துங்க தங்கச்சி." ஒரு சிரட்டையில் நல்ல மண் அள்ளிக் கொடுத்தேன். வாய்க்குள் எண்ணி எண்ணிக் கழுவினார், நான் ஊற்றினேன். இவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரிந்துதானே தூக்கினார். அதற்கும் எனக்குப் பொறாமைதான். ஊசி தொடங்கிய பிறகு ஜிம்மி என் மடியில் அப்படிக் கிடக்கவேயில்லை.

மார்ச் 24

கட்டி இல்லை. இனி ஊசியும் இல்லை. பீற்றர் போனில் அழுதார். நானா வேலிக்கு அந்தப் பக்கம் "அல்ஹம்துலில்லாஹ்" என்றது எனக்குக் கேட்டது.

ஏப்ரல் 22

காலைச் சாப்பாட்டுக்கு அங்கே, இரவுப் படுக்கைக்கு இங்கே என்று ஆகிவிட்டது ஜிம்மியின் சீவியம். என் கையைக் கண்டு இப்போது ஒளிப்பதில்லை. நேற்று ஈரலும் தின்றான்.

கிணற்றடியில் இருந்த அந்தச் சிரட்டை நிறைய மண் வைத்துவிட்டுத்தான் பூசைக்குப் போனேன். வந்து பார்த்தால் பாதி இல்லை. வாளியும் ஈரம். நான் இல்லாத நேரம் பார்த்து வந்து கொஞ்சிவிட்டுப் போயிருக்கிறார். என் வளவில், என் நாயை!

ஏசுவோம் என்று வேலிவரைக்கும் போனேன். பிறகு திரும்பி வந்து சிரட்டையை நிரப்பி வைத்தேன்.