துறைமுகக் கழகத்தின் சிவப்புச் சட்டை

ஒகும்போவின் அப்பாவுக்கு, மொம்பாசாவிலிருந்து அடோயோ வணங்கி எழுதுவது. முழங்கால் வீக்கம் வற்றியதா? நம் பேரப்பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறார்களா? நான் நலம். துறைமுகச் சமையற்கூடத்தில் புகைதான் கண்ணைக் கரிக்கிறது.

நீங்கள் இங்கே மூட்டை தூக்கிய காலத்தில் கூட்டாளிகளோடு தொடங்கிய கால்பந்துக் கழகத்துக்கு ஐம்பதாம் ஆண்டு விழாவாம். இப்போது தலைவன் ம்வாச்சிரோவின் மகன். காலணி போட்டவனுக்குத்தான் மைதானம் என்று துரைகள் சொன்னதும், உங்களை வெறுங்காலோடு விட்டுவிட்டு அவர்கள் அணிக்கு ஓடினானே, அதே ம்வாச்சிரோ. அவன்தான் கழகத்தைத் தொடங்கினானாம்!

நேற்று சோறு வாங்க வந்த அவன் மகன் என்னிடமே அளக்கிறான்: "பாட்டி, நம்ம சட்டை ஏன் சிவப்பு தெரியுமா? எங்கப்பா துரைங்ககிட்ட அடிபட்டுச் சிந்துன ரத்தம்."

"ஓடிப்போனவனுக்கு ஏதுடா ரத்தம்? மாவுச் சாக்குல தைச்ச சட்டை அது. கண்டல் மரப்பட்டையைக் காய்ச்சி நான்தான் சாயம் போட்டேன். மழை பெஞ்சா கரைஞ்சு ஓடும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் பல்லைக் காட்டினான். வெட்கம் அந்தக் குடும்பத்துக்கே கிடையாது.

உங்களுக்குப் பயணச்சீட்டு அனுப்பி, 'மூத்த ரசிகர்' என்று மேடையேற்றுவானாம். தொடங்கியவருக்கு ரசிகர் பட்டம்! சீட்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அவன் அப்பன் படத்துக்குக் கீழே நீங்கள் உட்கார்ந்திருப்பதை நான் பார்க்க வேண்டாம்.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் ஏரிக் கருவாடு கொடுத்தனுப்புங்கள். உங்கள் பழைய கம்பளியையும் வையுங்கள். இங்கே குளிர் கிடையாது, இருந்தாலும் வையுங்கள்.

விழா முடிந்த மறுவாரம் நம் காசில் பேருந்து ஏறி வாருங்கள். மைதானத்துப் பக்கமே போக வேண்டாம், என்னைப் பார்க்க வந்தால் போதும். சங்கு ஊதிவிட்டது, ஆட்கள் தட்டோடு வருகிறார்கள்.

அடோயோ