ஆஸ்பத்திரி வழியாகக் கோயிலுக்கு

என் பக்கத்து மிஷின்காரிக்கு,

இன்று காலை கள்ளிக்குப்பத்தில் நம் தெருமுனை அம்மனுக்குக் கூழ் காய்ச்சினார்கள். கேழ்வரகு கொதிக்கிற வாசனையும் பச்சை வேப்பிலை வாசனையும் ஜன்னல் வழியாக வந்ததும், பல் தேய்த்துக்கொண்டிருந்த நான் அப்படியே நின்று சிரித்துவிட்டேன். "இன்னா, காலைலயே ஆரம்பிச்சிட்டியா?" என்றார் என் வீட்டுக்காரர். ஆடி பிறந்தால் எனக்கு உன் ஞாபகம் வரும், உன் ஞாபகம் வந்தால் சிரிப்பு வரும் என்று அவருக்குத் தெரியும். சிரித்து முடித்தபின் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுவேன். அதுவும் அவருக்குத் தெரியும்.

நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. தையல் லைன் முழுக்கக் கேட்கிற மாதிரிப் பேசுகிறவளை ஒரு வாரக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, கொசு மேல்தான் என்று வைத்துக்கொள்ளேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் நீ காலர் தைத்தாய், நான் கை தைத்தேன். திண்டிவனம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். நீ இங்கேயே பிறந்து இங்கேயே வாயாடக் கற்றவள். "உன் தமிழ் ரேடியோ மாதிரி கீதுடி, வால்யூம்தான் இல்ல" என்று என்னைக் கிண்டல் செய்வாய். உன் பக்கத்து மிஷினில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குச் சத்தமாகச் சிரிக்க வந்தது.

கான்ட்ராக்டில் இருந்த நம்மைக் கம்பெனி தன் ஆட்களாக எடுத்துக்கொண்ட வருஷம் ஞாபகம் இருக்கிறதா? சம்பளத்தில் காப்பீட்டுக்குப் பிடிக்க ஆரம்பித்தார்கள், ஆளுக்கொரு கார்டும் வந்தது. நம் லைனில் பட்டன் வைக்கிற சாந்தி, அவள்தான் பெரிய பக்தை ஆயிற்றே, கார்டை சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் இட்டாள். நான் பீரோவில் கல்யாணப் புடவை மடிப்புக்குள் பத்திரப்படுத்தினேன். பெரிய நோய் வந்தால் எடுத்துக்கொள்ளலாம், அதுவரை கை படாமல் இருக்கட்டும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சும்மா சும்மா காட்டினால் கார்டின் பலன் தீர்ந்துபோகும் என்று ஒரு பேச்சும் கேன்டீனில் ஓடியது.

அப்புறம் ஒரு நாள் காப்பீட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸம்மா கேன்டீனுக்கு வந்து பேசினார். நோய் வருமுன்பே வந்து பார்த்துக்கொள்ளலாம், சர்க்கரை, பிரஷர், மார்பு, கர்ப்பப்பை வாய் எல்லாமே பார்ப்போம், பணம் கட்ட வேண்டாம் என்றார். நாம் எல்லாரும் தட்டில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "நல்லா இருக்கசொல்லோ எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று அவர் போனதும் சாந்தி கேட்டாள். ஆஸ்பத்திரி திறந்திருக்கிற நேரமும் நம் ஷிப்டும் ஒன்று. அரை நாள் போனால் அந்த மாத அட்டென்டன்ஸ் போனஸே போய்விடும். வீட்டில் கேட்டால் "உனக்கு இன்னா கேடு?" என்பார்கள். தெரிந்தவர் யாராவது அங்கே பார்த்துவிட்டால் தெருவே விசாரிக்கும். பார்க்கப்போவது ஆண் டாக்டராக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு.

எனக்கு இதற்கெல்லாம் மேலே ஒரு காரணம் இருந்தது. சில மாதங்களாகவே மாதத் தூரம் இல்லாத நாட்களிலும் கறை பட்டுக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம்கூட. என் மகள் அப்போது எட்டாவது படித்தாள். டாக்டர் வாயால் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும், பெயர் இல்லாத வரை அது வெறும் கறைதான் என்று பிடிவாதமாக இருந்தேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நீங்கள் எல்லாரும் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து அம்மன் கோயிலுக்குள் போவீர்கள். நான் கால் வலி என்று வாசலிலேயே நின்றுவிடுவேன். நன்றாக மறைத்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆடி வந்தது. நம் கம்பெனியில் ஆடிக்கென்று ஒரு வழக்கம் உண்டே, வெள்ளிக்கு ஒரு லைன் என்று காலைப்பொழுது விடுவார்கள். திருவேற்காடு போய்விட்டு மதியம் வந்து மிஷினில் உட்கார வேண்டும். விட்ட நேரத்தை ஞாயிறு வந்து தைத்துக் கொடுத்துவிட்டால் போனஸுக்குப் பழுதில்லை. ஆஸ்பத்திரி என்றால் முகத்தைச் சுளிக்கிற சூப்பர்வைசர், அம்மன் என்றால் தன் பங்குக்கு எலுமிச்சம்பழ மாலைக்குச் சொல்லி அனுப்புவார். நம் லைன் முறை வந்தபோது நீ சாப்பாட்டு நேரத்தில் டப்பா மூடியைத் தட்டி எல்லாரையும் கூப்பிட்டாய்.

"வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறோம். போற வழியில ஆஸ்பத்திரில எறங்குறோம்."

சாந்திக்குச் சோறு புரையேறியது. "அம்மன் பேரச் சொல்லி பர்மிஷன் வாங்கிகினு ஆஸ்பத்திரிக்கா? இது அடுக்குமா?"

"கோயிலுக்குப் போவாம ஏமாத்துனாதான்டி தப்பு. நாம போவத்தான் போறோம். அம்மனும் பொம்பளதானே, அவளுக்குப் புரியும்" என்றாய். பிறகு விரல் நீட்டிக் கணக்குச் சொன்னாய். "நர்ஸம்மா இன்னா சொல்லிச்சு? வெறும் வயித்துல வரணும்னுச்சு. நாம அன்னிக்கு விரதம். தூரம் இல்லாத நாளாப் பாத்து வரணும்னுச்சு. கோயிலுக்குக் கெளம்புறவ வேற எப்டி கீறா? ஆவாதவ அடுத்த வெள்ளி அடுத்த லைனோட வரட்டும். இதுக்கு மேல அந்த அம்மாக்கு இன்னா வேணும், மேளதாளமா?"

கூட்டம் கலகலத்துவிட்டது. வாசல் தெளிப்பது மாதிரி நமக்குப் பழகிப்போன ஒரு வழக்கத்துக்குள் இத்தனை தோது இருக்கிறதென்று அதுவரை ஒருத்திக்கும் தோன்றவில்லை. நான் மட்டும் சிரிக்காமல், "எனக்குக் கோயிலுக்கு வர ஆகாது" என்றேன். நீ என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஊறுகாயை வழித்துக்கொண்டே, "உள்ள வராதே. வெளிய நின்னு செருப்பு பாத்துக்கோ. போன வருசம் என் புதுச் செருப்பு போச்சு" என்றாய். செருப்புக்குக் காவல்தானே என்று நானும் சம்மதித்தேன்.

அந்த வெள்ளிக் காலையை எப்படி மறப்பேன்? மஞ்சள் புடவையும் மஞ்சள் பூசிய முகமுமாக ஷேர் ஆட்டோக்களில் அடைந்துகொண்டு போனோம். நடுவில் ஒரு தெருக் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். "வெறும் வயிறுடி" என்று நீ கத்திக்கொண்டிருக்கும்போதே சாந்தி இரண்டு தொன்னையை முடித்துவிட்டாள். "பிரசாதம் சாப்பாட்டுக் கணக்குல வராதுடி" என்று உன்னையே அதட்டினாள். இரத்தம் எடுத்துப் பார்த்தபோது அவளுடைய சர்க்கரை எகிறிக் கிடந்தது, அவள் அங்கேயே பெஞ்சில் சரிந்து அம்மனைக் கூப்பிட்டாள். அடுத்த வாரம் நிஜமாகவே வெறும் வயிற்றோடு கூட்டிப்போனாய், சரியாக இருந்தது. அம்மன்தான் இறக்கி வைத்தாள் என்று இன்றுவரை சொல்கிறாள். நானும் மறுப்பதில்லை.

நம் கூட்டத்தைப் பார்த்து நர்ஸம்மா, "என்னம்மா, ஊர்வலமா?" என்றார்.

"கார்டு கீது, ஆளு கீது. நோய்தான் இல்ல. பாத்துச் சொல்லுங்க" என்றாய்.

"யாராவது தூரமா இருக்கீங்களா?" என்று அவர் கேட்டதும் எல்லாரும் ஒரே சிரிப்பு. "கோயிலுக்குக் கெளம்பி வந்தவங்களைப் பாத்துக் கேக்குற கேள்வியா இது?" என்று சாந்தி நொடித்தாள். உள்ளே இருந்தது பெண் டாக்டர் என்று தெரிந்ததும் பாதி பயம் போயிற்று. அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். போகும்போது இருந்த முகம் வரும்போது இல்லை. "இவ்ளோதானா? பிரசவத்துக்குப் போற மாதிரி பயந்துட்டேனே" என்றாள் ஒருத்தி. நான் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டே குனிந்த தலை நிமிராமல் இருந்தேன்.

கடைசியாக நீ வெளியே வந்தாய். உன் செருப்பைப் போட்டுக்கொள்ளாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். "செருப்ப நான் பாத்துக்குறேன். நீ போ."

"எனக்கு வேணாம்."

"எல்லாரும் போயிட்டாங்க. நீ ஒருத்தி போவலன்னா ஏன் போவலன்னு இவளுங்க ஊடு வரைக்கும் கேட்டுகினே வருவாளுங்க. போ, அஞ்சு நிமிசம்."

அதுதான் என்னை எழுப்பியது. போகாமல் இருப்பதுதான் அன்று ஊர் பார்க்கிற விஷயமாகிவிட்டது. எழுந்து போனேன். டாக்டர் கேட்டதும், இத்தனை மாதம் பொத்தி வைத்திருந்ததை முன்பின் தெரியாத அந்த அம்மாவிடம் கொட்டிவிட்டேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "நல்ல வேளை வந்தீங்க" என்று மட்டும் சொன்னார். படுக்கச் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு படுத்தேன். அந்த நேரம் பார்த்துக் கதவுக்கு வெளியே நீ ஆரம்பித்தாய், சூப்பர்வைசர் மாதிரி மூக்கால் பேசி, "இன்னாம்மா, அம்மன் கோயில்ல இவ்ளோ நேரமா? சாமி லேட்டா வந்துச்சா?" என்று. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சிரிக்காதீங்கம்மா, ஆடுது" என்றார் டாக்டர், அவரும் சிரித்துக்கொண்டே.

சொன்னபடியே அன்று திருவேற்காடும் போனோம், வாசலில் நான் செருப்பு பார்த்தேன். பிறகு முடிவு வந்தபோது நீதான் கூட வந்தாய். இன்னும் புற்றாகவில்லை, ஆகக்கூடிய மாற்றம் தொடங்கியிருக்கிறது, அதை எடுத்துவிடலாம் என்றார்கள். சின்ன சிகிச்சைதான், அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டேன். கல்யாணப் புடவைக்குள் கிடந்த கார்டு வெளியே வந்தது, அதன் பலன் ஒன்றும் தீர்ந்துபோகவில்லை. பஸ் நிறுத்தத்தில் உன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பசிக்குதுடி, மொதல்ல பஜ்ஜி வாங்கிக் குடு" என்றாய். உனக்கு நன்றி சொல்ல நீ யாரையும் விட்டதே இல்லை.

எல்லாம் தற்செயலாக நடந்தது என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன். உன் காரியத்துக்கு வந்த அன்று, பந்தலில் இலை போட்டுக்கொண்டே சாந்தி சொன்னாள். அந்த ஆடிக்கு முன்பே நீ அவளிடம் சொன்னாயாம்: "அவ ரொம்ப நாளா கோயில் வாசப்படி தாண்டல. உள்ளுக்குள்ள ஏதோ கீது. கேட்டா சொல்ல மாட்டா, தனியா கூப்ட்டா வர மாட்டா. அதான் ஊரையே கூப்புடுறேன்." அம்மன் பெயரால் வேண்டாம் என்று சண்டை போட்ட சாந்திகூட அப்புறம் அதனால்தான் ஒத்துக்கொண்டாளாம்.

இலை முன்னால் உட்கார்ந்து அழுதேன். எனக்குப் பக்கத்து மிஷின்காரியாக இருந்தது போதாதென்று இதையெல்லாம் வேறு செய்துவிட்டு, வாயே திறக்காமல் போய்விட்டாயே. அத்தனை பேச்சு பேசுகிறவள் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாய். உன்மேல் எனக்கு அவ்வளவு ஆசையும் அவ்வளவு ஆத்திரமும் ஒரே நேரத்தில் வந்தன.

என் மகள் இப்போது காலேஜ் போகிறாள். நான் வருஷம் தவறாமல் போய்ப் பார்த்துக்கொள்கிறேன், நன்றாக இருக்கிறேன். உன் மிஷினில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருக்கிறாள், காலர் கோணலாகத்தான் வருகிறது. புதிதாக எடுத்தவர்களுக்குப் போன மாதம்தான் கார்டு வந்தது. எல்லாரும் அதைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

வருகிற வெள்ளி நம் லைன் முறை. பர்மிஷன் வாங்கிவிட்டேன், ஆட்டோ சொல்லிவிட்டேன். வழியில் பொங்கல் கொடுத்தால் சாந்தியைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேரை வைத்திருக்கிறேன். வரமாட்டேன் என்றவர்களைக் கெஞ்சியும் கிண்டல் செய்தும் சேர்த்ததில் என் தொண்டையே கட்டிவிட்டது. இத்தனை பேரும் ஒருத்திக்காகத்தான். மிஷினில் குனியும்போதெல்லாம் அவள் துப்பட்டாவை இழுத்து இழுத்து மார்பில் ஒரு பக்கத்தைப் பொத்திக்கொள்கிறாள், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள்.

எவள் என்று கேட்காதே. நீ எனக்குச் சொன்னாயா?