கடலுக்குப் போக ஒரு டிரெய்லர்

கெரிங், நெப்ராஸ்கா
11 மார்ச் 1991

அன்புள்ள லவோனுக்கு,

ஆர்டிஸின் இடுப்பு எப்படி இருக்கிறது? அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் ஒரு மாதமாகச் சண்டையில்லாமல் இருக்கிறீர்கள் என்றால் அவளுக்கு இன்னும் நல்ல வலி என்று அர்த்தம். நான் நலம். நீ உறையவைத்துவிட்டுப் போன சூப் தீர்ந்துவிட்டது. இப்போது மூன்று வேளையும் முட்டைதான்.

நீ பஸ் ஏறும்போது சொன்னது காதிலேயே நிற்கிறது. “அக்காவப் பாத்துக்கத்தான் போறேன். ஆனா அதுக்காக மட்டும் போகல. அந்த டிரெய்லர் நம்ம முற்றத்த விட்டுக் கிளம்புற அன்னிக்குத்தான் நான் இந்த வீட்டுக்குள்ள திரும்ப வருவேன், வெண்டெல்” என்றாய். நியாயம்தான். சர்க்கரை ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, உன்னைப் பசிபிக் கடலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று எல்லார் முன்னிலும் சொன்னவன் நான். அதற்கென்று, பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற ஒரு பழைய டிரெய்லர் வீட்டை, யாரோ கோழி அடைத்து வைத்திருந்ததை, வாங்கி வந்தவனும் நான். அதற்குப் பிறகு மூன்று கோடை போய்விட்டது.

இந்த வருஷம் அப்படி ஆகாது. நேற்று ஜன்னலுக்குக் கீழே மரம் எப்படி இருக்கிறது என்று ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். கேக்கில் போவதுபோல் போனது. கோழிக்காரன் கூரை ஒழுகின இடத்தில் தாரைப் பூசி, உள்பக்கம் பூப்போட்ட காகிதத்தை ஒட்டி மறைத்திருக்கிறான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். இருந்தாலும் கெட்ட மரத்தை எடுத்துவிட்டால் மே கடைசிக்குள் தயார். ஜூனில் கடல்.

அதுவரைக்கும் உனக்கு அங்கே ஏரி இருக்கிறதே. அக்கரையே தெரியாதாம். கிட்டத்தட்ட கடல் மாதிரிதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

என்றும் உன்,
வெண்டெல்


டுலுத், மின்னசோட்டா
19 மார்ச் 1991

அன்புள்ள வெண்டெல்,

ஏரியைப் போய்ப் பார்த்தேன். உறைந்து கிடக்கிறது. அதன்மேல் ஒரு ஆள் ஓட்டை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தான். இனிமேல் அதைக் கடல் என்று எனக்கு எழுதாதே.

ஆர்டிஸ் எழுந்து நடக்கிறாள். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். “மே கடைசியா? எந்த வருஷத்து மே?” என்று கேட்டாள்.

கேள். ஒரு சின்ன ஒழுகலுக்காக முழு வண்டியையும் பிரிக்காதே. உன் வழக்கம் எனக்குத் தெரியும். குளியலறையில் ஒரு ஓடு ஆடுகிறது என்று சொன்னேன், நீ தரையையே பெயர்த்துப் போட்டாய். அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு கிளைட்டின் குளியலறைக்குப் போய் வந்தேன். கூரையை அடை, சக்கரத்துக்குக் காற்று பிடி, கிளம்பு. ஒழுகினால் கீழே ஒரு வாளி வைத்துக்கொள்ளலாம். நான் வாளியோடு கடல் பார்க்கத் தயார்.

இன்னொன்று. உள்ளே இருக்கிற அலமாரிகள் மேல் கை வைக்காதே. ஒரு மாதம் கோழி எச்சத்தைச் சுரண்டி, நானே வார்னிஷ் அடித்தவை அவை. அந்த வண்டியில் ஒழுங்காக இருப்பது அது ஒன்றுதான்.

அன்புடன்,
லவோன்


கெரிங்
22 ஏப்ரல் 1991

அன்புள்ள லவோனுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். நீ உட்கார்ந்துகொண்டு படி.

அலமாரிகளை வெளியே எடுத்துவிட்டேன். கோபப்படாதே, ஒரு கீறல்கூட விழாமல்தான் எடுத்தேன். அவற்றுக்குப் பின்னால் மரம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் மூடிவிட்டால் நாளைக்கு வழியில் நமக்குத்தானே கஷ்டம்? அடுப்பு மேடை, மேசைக்கு மேலே இருந்தது, துணி வைக்கிற நெட்டை அலமாரி, எல்லாவற்றையும் இறக்கிப் புல்லில் வைத்தேன். சாயங்காலம் காப்பி குடித்துவிட்டு வந்தால் கதவைச் சாத்த முடியவில்லை. தள்ளினேன். இழுத்தேன். கதவில் கோளாறில்லை. சுவர் இரண்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. கூரை நடுவில் தொய்ந்து, முழு வண்டியும் பெல்ட்டைத் தளர்த்திய ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது.

கிளைட் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வெகுநேரம் பார்த்தான். பிறகு நிதானமாகச் சொன்னான்:

“அலமாரிதான்யா சுவரப் புடிச்சிக்கிட்டு இருந்துது.”

அவன் சொன்னது சரிதான். இந்த வண்டிகளைக் கட்டியவர்கள் முதலில் தரையைப் போட்டு, அதன்மேல் அலமாரிகளை நிறுத்தி, அப்புறம்தான் சுற்றிச் சுவரும் கூரையும் வைத்து, கடைசியில் தகட்டைப் போர்த்தியிருக்கிறார்கள். நான் தலைகீழாகச் செய்துவிட்டேன். வீட்டைக் கட்டுகிறவன் யாராவது அலமாரியை நம்பிக் கூரை போடுவானா? புத்தி கெட்ட வேலை.

இப்போது லாரியில் சரக்கைக் கட்டுகிற பட்டைகளை வாங்கி வந்து வண்டியைச் சுற்றி இறுக்கியிருக்கிறேன். இனி வெளித்தகட்டைக் கழற்றி, மரச் சட்டங்களைப் புதிதாகப் போட வேண்டும். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. ஜூன் முடியாது. ஜூலை நிச்சயம்.

உன்,
வெண்டெல்


டுலுத்
2 மே 1991

வெண்டெல்,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உன் விஷயத்தில் கூடமே நிஜமாகக் கோணலாகிவிட்டது. அதைக் கோணலாக்கியவனும் நீ. வண்டி கட்டினவனைத் திட்டாதே. அவன் கட்டினது முப்பது வருஷம் கோழியைத் தாங்கியது.

ஆர்டிஸ் சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். பிறகு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்கு அலமாரி போனது துக்கமில்லை. வேண்டாம் என்று ஒன்றே ஒன்றுதான் சொன்னேன், அதையே செய்துவிட்டு, ஒரு கீறல்கூட விழவில்லை என்று எழுதுகிறாயே, அதுதான் தாங்கவில்லை. உன் கடிதங்களில் மரம் எப்படி இருக்கிறது என்று இருக்கிறது, தகடு எப்படி இருக்கிறது என்று இருக்கிறது. லவோன் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. ஆர்டிஸின் இடுப்பையாவது முதல் கடிதத்தில் கேட்டாய்.

லவோன் எப்படி இருக்கிறாள் என்றால், அவள் துறைமுகத்துப் பக்கம் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். விடியுமுன் எழுந்து ரொட்டி மாவு பிசைகிறாள். ஃபின்லாந்துக்காரக் குடும்பம், அதிகம் பேசமாட்டார்கள். ஆனால் ஏழு மணிக்கு ரொட்டி என்றால் ஏழு மணிக்கு ரொட்டி வெளியே வந்துவிடுகிறது. தினமும் அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது என்று உனக்குப் புரியாது.

லவோன்


கெரிங்
14 ஜூலை 1991

என் அன்பு லவோன்,

நீ எப்படி இருக்கிறாய்? முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன். ரொட்டி மாவு பிசைந்தால் உன் மணிக்கட்டு வலிக்குமே, பார்த்துக்கொள்.

சட்டம் முழுவதும் போட்டாயிற்று. அலமாரிகளைத் திரும்ப ஏற்றி முடுக்கியதும் சுவர் இரண்டும் நேராக நின்றன. கதவு ஒழுங்காக மூடுகிறது. நான் அதை ஒரு பத்துத் தடவை திறந்து திறந்து சாத்தினேன். கிளைட்டின் மனைவி ஜன்னலைத் திறந்து, போதும் என்று கத்தினாள்.

அடுத்தது வெளித்தகடு. பழைய அலுமினியம் சல்லடையாக இருந்ததால் புதுத் தகடு வரவழைத்தேன். தகட்டின் ஒரு முகத்தில் மட்டும் வெண்ணெய் நிறம் பூசி வருகிறது, பார்க்க அழகு. பழைய இடப்பக்கத் தகட்டை அளவுக்கு வைத்து இரண்டு பக்கத்துக்கும் ஒரே நாளில் வெட்டி முடித்தேன். ஜன்னல் ஓட்டை, சக்கர வளைவு, எல்லாம் கச்சிதம். மாட்டப் போகும்போதுதான் தெரிந்தது. இரண்டுமே இடப்பக்கம். திருப்பிப் போட்டால் நிறமில்லாத முகம் வெளியே வரும். என்னிடம் இப்போது இரண்டு இடது பக்கம் இருக்கிறது, வலது பக்கம் இல்லை.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும், அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சுத்தியலைச் சோளக்காட்டுக்குள் வீசினேன். பிறகு ஒரு மணி நேரம் அதைத் தேடினேன்.

புதுத் தகடு மூன்று வாரத்தில் வரும். ஆகஸ்ட் கடைசியில் கிளம்பலாம். கூட்டமும் குறைந்திருக்கும். எனக்காக இந்த ஒரு மாதம் பொறுத்துக்கொள்.

உன்,
வெண்டெல்


டுலுத்
5 ஆகஸ்ட் 1991

அன்புள்ள வெண்டெல்,

உன் மேல் கத்துவதற்கு உட்கார்ந்தேன். சுத்தியலைத் தேடினாய் என்று படித்ததும் கத்த முடியவில்லை.

நான் கடலுக்குப் போகிறேன். பேக்கரியில் இரண்டு வாரம் விடுப்பு கொடுத்திருக்கிறார்கள். பஸ்ஸில் போகிறேன். ஆரெகான் கரையில், நியூபோர்ட்டுக்கு வடக்கே ஒரு முகாம் மைதானத்தில் இடம் பிடித்துவிட்டேன். ஆர்டிஸ் மகனின் கூடாரத்தைக் கடன் வாங்கியிருக்கிறேன். செப்டம்பர் முதல் தேதியிலிருந்து பதினான்காம் தேதி காலை வரை அங்கே இருப்பேன். மைதானத்தின் விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறது.

உன்னைப் பழிவாங்கப் போகவில்லை. எனக்கு அறுபத்தொன்று ஆகிறது, நான் இன்னும் கடலைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

நீயும் வா. இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. கூடாரத்தில் இரண்டு பேர் படுக்கலாம். டிரெய்லர் முடிந்தாலும் சரி, முடியாவிட்டாலும் சரி, நீ வா. நீ வந்துவிட்டால், அங்கிருந்து உன்னோடேயே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அந்த வண்டி அதுபாட்டுக்கு முற்றத்தில் கிடக்கட்டும், பஸ் நிலையத்தில் சொன்ன வார்த்தையை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

உன்,
லவோன்


நியூபோர்ட்டுக்கு வடக்கே, முகாம் மைதானம்
15 செப்டம்பர் 1991

அன்புள்ள லவோன்,

நீ இருந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். புல்லில் கூடாரத்தின் தடம் இன்னும் இருக்கிறது. நேற்றுக் காலை கிளம்பிவிட்டாய் என்றார்கள். நான் நேற்று மத்தியானம் வந்தேன்.

உன் கடிதத்துக்கு ஏன் பதில் போடவில்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் வந்து நிற்க நினைத்தேன். வெண்ணெய் நிற டிரெய்லரோடு உன் கூடாரத்துக்கு எதிரே வந்து ஹாரன் அடிக்க வேண்டும் என்று ஆசை. வலப்பக்கத் தகடு வந்தது. ராப்பகலாக வேலை செய்தேன். திரைச்சீலைகூடத் தைத்தேன். ஆகஸ்ட் கடைசி நாள் முற்றத்திலிருந்து வண்டி வெளியே போனது. கிளைட் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான்.

ஐடஹோவில், பர்லி என்ற ஊரைத் தாண்டுவதற்குள் சக்கரத்தில் புகை வந்தது. பேரிங் வெந்துவிட்டது. மூன்று வருஷம் எல்லாவற்றையும் பிரித்தவன், அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த ஊர் ஒர்க்‌ஷாப்காரர் நல்ல மனிதர். பழைய அளவு என்பதால் வெளியூரிலிருந்து வரவழைத்தார். தவறான அளவு வந்தது. திருப்பி அனுப்பினோம். மறுபடி காத்திருந்தோம். நான் டிரெய்லருக்குள்ளேயே படுத்து, பக்கத்து ஓட்டலில் சாப்பிட்டு, தினமும் பார்சல் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாள் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு வந்த எரிச்சலில் ஒருநாள் அந்தச் சக்கரத்தை உதைத்ததில் கால் விரல் வீங்கிப்போயிற்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒர்க்‌ஷாப்காரரின் மனைவி எனக்கு ஒரு துண்டு ஆப்பிள் கேக் கொண்டு வந்தாள். எங்கே போகிறேன் என்று கேட்டாள். நீ கடற்கரையில் காத்திருப்பதைச் சொன்னேன். அவள் என் பிக்கப்பைப் பார்த்தாள்.

“வண்டிக்கு என்ன கோளாறு?”

“டிரெய்லர்ல பேரிங் போயிடுச்சும்மா.”

“அது தெரியும். நான் கேக்கறது இழுத்துட்டு வந்த வண்டிய. அதுக்கு என்ன?”

“அதுக்கு ஒண்ணுமில்ல. நல்லா ஓடுது.”

“அப்புறம் ஏன் இங்கயே உக்காந்திருக்கீங்க?”

லவோன், பிக்கப்புக்கு ஒன்றுமே ஆகவில்லை. டிரெய்லரை மாட்டியிருந்த கொக்கியைக் கழற்றிவிட்டு முதல் நாளே வந்திருக்கலாம். சத்தியமாக அது எனக்குத் தோன்றவே இல்லை. டிரெய்லர் முடியாவிட்டாலும் வா என்று நீ எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் சட்டைப்பையில்தான் இருந்தது. கையிலிருந்த கேக்கைக்கூடத் தின்று முடிக்காமல் எழுந்து கொக்கியைக் கழற்றினேன். வழிநெடுக எங்கும் படுக்கவில்லை. அப்படியும் வந்து சேர்ந்தபோது உன் இடம் காலி.

பக்கத்து இடத்தில் ஒரு அம்மாள் இருக்கிறார். நீ நல்ல மாதிரி என்றார். “தெனமும் தண்ணிக்குப் பக்கத்துல ரெண்டு நாற்காலி போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. யாரோ வரப்போறாங்கன்னு நெனச்சேன்” என்றார். அதைக் கேட்ட பிறகு நான் கடல் பக்கம் போகவில்லை. அது எப்படி இருக்கிறது என்று நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

டிரெய்லர் பர்லியிலேயே கிடக்கிறது. யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும். அது முற்றத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. நீ வீட்டுக்கு வா.

உன்,
வெண்டெல்


டுலுத்
24 செப்டம்பர் 1991

அன்புள்ள வெண்டெல்,

கடிதம் கிடைத்தது. நீ வந்தாய் என்று தெரிந்ததில் எனக்குச் சந்தோஷம், அதைப் பொய் சொல்லமாட்டேன். பர்லிக்குப் போய் டிரெய்லரை எடுத்துக்கொள். அவ்வளவு பாடுபட்டுவிட்டு அதை அநாதையாக விடாதே.

நான் வீட்டுக்கு வரவில்லை. நீ டிரெய்லரைக் கிளப்பிவிட்டாய், நான்தான் சொன்ன வார்த்தையிலிருந்து பின்வாங்குகிறேன். பழியை என் மேலேயே போட்டுக்கொள். பேக்கரிக்கு மேலே ஒரு அறை காலியாக இருந்தது, எடுத்துக்கொண்டேன். என் குளிர்கோட்டையும் தையல் மெஷினையும் அனுப்பி வை. எழுதுவதை நிறுத்தாதே. உன் கடிதங்கள் எனக்குப் பிடிக்கும்.

கடல் சத்தமாக இருக்கிறது. சாம்பல் நிறம். முதல் நாள் அதைப் பார்த்ததும் உன்னைத் திரும்பிப் பார்த்தேன், நீ பக்கத்தில் நிற்பதாக நினைத்து.

அந்த அம்மாள் சொன்னது நிஜம். இரண்டு நாற்காலி போட்டேன். முதல் வாரம் அதில் ஒன்று உனக்காகத்தான். இரண்டாவது வாரம் அதன்மேல் காலை நீட்டிக்கொண்டேன். சுகமாக இருந்தது, வெண்டெல்.

அன்புடன்,
லவோன்