பானை கழுவாத சக்கரவர்த்தி

அடுப்படி மகாராணிக்கு, தூரதேசத்துச் சமையல் சக்கரவர்த்தி வணங்கி எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் மலைபோல இருக்கிறேன்.

காலையில் பருப்பும் காயும் போட்டுவிட்டுப் போனால், வேலை முடிந்து வருவதற்குள் தானே வேக வைக்கும் மின்சாரப் பானை வாங்கினேனே, அதற்குள் விரிக்க இங்கே பிளாஸ்டிக் பை விற்கிறார்கள். சாப்பிட்டதும் பையைத் தூக்கி எறிந்தால் போதும், பானை கழுவும் வேலையே இல்லை. நேற்று வெளியே தூக்கும்போது பை கிழிந்து, குழம்பு ஏழு கடலாகப் பெருகி என் கட்டில் கப்பலாக மிதந்தது. கையில் சின்னக் கொப்புளம்தான், பயப்படாதே.

கூட இருக்கும் வெல்டர் சிரித்தான். "ஏன் மாமா, ஒரு பானையக் கழுவ இவ்ளோ பயமா?"

பயம்தான். நான் தேய்த்துக் கொடுக்க நீ அலசுவாயே, அந்தப் பழக்கத்தில் இங்கேயும் தேய்த்த பானையைப் பக்கவாட்டில் நீட்டிவிடுகிறேன். வாங்கத்தான் ஆள் இல்லை.

இந்த வருடமும் விடுப்பு கிடையாதாம். இன்னொரு பெட்டி பை வாங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்யும்வரை பாத்திரங்களை அலசாமல் வைத்திரு. நீ பேசக்கூட வேண்டாம், குழாய்ச் சத்தம் கேட்டால் போதும்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் பாத்திரம் தேய்ப்பவன்